பைப்ஸ்டோன்: இரண்டு கல்லும் ஓர் ஊரும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், தென்மேற்கு மூலையில், தெற்கு டகோட்டா எல்லையை ஒட்டி பைப்ஸ்டோன் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. மக்கள்தொகை நாலாயிரத்துச் சொச்சம்தான். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளமும் சோயாவும். இடையிடையே காற்றாலைகள். பெரிய நகரம் எதுவும் பக்கத்தில் இல்லை. அந்த ஊரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கல்குவாரி ஊர் என்றாலே நமக்கு ஒரு கதை தெரியும். கல் கிடைத்தது, ரயில் வந்தது, ஊர் வளர்ந்தது. அப்புறம் கல்லுக்கு மவுசு போனது, ஊர் சுருங்கியது. பைப்ஸ்டோனுக்கும் அந்தக் கதை உண்டு. ஆனால் அதை மட்டும் சொன்னால் பாதிக் கதையை மறைத்ததாகிவிடும். அங்கே ஒரே பூமிக்குள் இரண்டு விதமான கல் இருக்கிறது. ஒன்றை வெட்டி ஊரைக் கட்டினார்கள். இன்னொன்று, ஊர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே வேறு மக்களுக்கு உரியது.

முதலில் கல்லைப் பார்ப்போம். சுமார் 160, 170 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் ஆறுகள் அடித்துக்கொண்டுவந்த மணல் அங்கே படிந்தது. நடுநடுவே மெல்லிய களிமண் படுகைகளும் படிந்தன. மேலே ஏறிய பாரமும் வெப்பமும் மணலைக் குவார்ட்சைட் என்ற மகா கெட்டியான பாறையாக மாற்றின. உளி பட்டால் உளிதான் மழுங்கும். இளஞ்சிவப்பிலிருந்து கருஞ்சிவப்பு வரை அதற்குப் பல நிறம். களிமண்ணோ, இரும்புச் சத்து ஏறி, ரத்தச் சிவப்பில் மிருதுவான கல்லாயிற்று. நம் ஊரில் கல்சட்டி செய்கிற மாக்கல் இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி: சாதாரண ரம்பத்தால் அறுக்கலாம், கத்தியால் சீவலாம், அரத்தால் ராவலாம். இந்தச் சிவப்புக் கல்லில்தான் வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் தங்கள் புனிதப் புகைக்குழல்களைச் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்குச் சாமான் அல்ல. புகையோடு சேர்ந்து பிரார்த்தனை மேலே போகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. ஒப்பந்தம், சடங்கு, துக்கம் என்று எல்லா முக்கியமான வேளையிலும் அந்தக் குழல் இருக்கும். இந்தக் கல் கைமாறிக் கைமாறிக் கண்டத்தின் பெரும்பகுதிக்குப் போயிருக்கிறது.

அதை எடுப்பது லேசான வேலை இல்லை. நான் குழி ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மேலே புல்லும் மண்ணும். அதைத் தோண்டி அப்புறப்படுத்தினால் குவார்ட்சைட் வருகிறது. சில குழிகளில் பத்தடிக்கு மேலும் அதன் கனம் இருக்கும். இயந்திரம் கிடையாது, வெடி கிடையாது. பாறையில் இயற்கையாக இருக்கிற வெடிப்பைக் கண்ணாலும் விரலாலும் தேடுகிறார்கள். அந்த வெடிப்பில் ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடிக்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் சத்தம் கொஞ்சம் மாறும். பழகியவர்கள் அந்தச் சத்தத்தை வைத்தே பாறை விடப்போகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். விட்டதும் கடப்பாரையால் நெம்பி, துண்டு துண்டாக வெளியே தூக்கிப் பின்பக்கம் அடுக்க வேண்டும். இப்படி வாரக்கணக்கில் உழைத்த பிறகுதான் அடியிலிருக்கும் சிவப்புப் படுகை தெரியும். அந்தப் படுகையோ மொத்தமாகவே ஒன்றரை அடி வந்தால் அதிகம். அதிலும் சில அங்குலக் கனத்துத் தகடுகள்தான் செதுக்க உதவும். படுகை கிழக்குப் பக்கமாகச் சரிந்து இறங்குகிறது. அதனால் வருஷத்துக்கு வருஷம் மேலே இருக்கும் கெட்டிப்பாறை கூடிக்கொண்டே போகிறது. பாட்டன் எடுத்ததைவிடப் பேரன் அதிகம் உடைத்தாக வேண்டும்.

சரி, வெள்ளையர்கள் எப்போது வந்தார்கள்? 1836இல் ஜார்ஜ் கேட்லின் என்ற ஓவியர் அங்கே கிளம்பினார். வழியிலேயே டகோட்டா என்ற பழங்குடி மக்கள் அவரை நிறுத்தி, அந்த இடத்துக்குப் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். அவர் மீறிப் போனார். குவாரியை ஓவியமாக வரைந்தார், கல் மாதிரியை எடுத்துவந்து பாஸ்டனில் சோதிக்கக் கொடுத்தார். அறிவியல் உலகம் அந்தக் கல்லுக்குக் கேட்லினைட் என்று அவர் பெயரையே வைத்தது. இரண்டு வருஷம் கழித்து ஜோசஃப் நிக்கோலே தலைமையில் நில அளவைக் குழு வந்தது. அவர் பெயரைப் பாறையில் வெட்டிவிட்டுப் போனார்கள், இன்றும் படிக்கலாம். ஹயவாதா என்ற பழங்குடி வீரனைப் பற்றி அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோ எழுதி 1855இல் வெளியான ஹயவாதா கவிதை இந்தக் குவாரியின் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோயிற்று.

இந்தக் கதையின் நடுத்தூண் என்று நான் நினைப்பது 1858. அந்த வருஷம், டகோட்டா இனத்தின் ஒரு பிரிவான யாங்க்டன் சூ மக்கள் 1 கோடியே 10 லட்சம் ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தார்கள். கிடைத்தது சுமார் 16 லட்சம் டாலர், அதுவும் 50 வருஷத் தவணையில். அவ்வளவு பெரிய இழப்புக்கு நடுவிலும் குவாரியை மட்டும் விடமாட்டோம் என்று அவர்கள் பிடிவாதமாக நின்றார்கள். ஒப்பந்தத்தின் 8ஆவது பிரிவில், புகைக்குழலுக்கான கல் எடுக்க அவர்கள் விரும்புகிற காலம் வரை குவாரி அவர்களுக்குத் தடையின்றித் திறந்திருக்கும் என்று எழுதி வாங்கினார்கள். ஏறக்குறைய ஒரு மைலுக்கு ஒரு மைல், 648 ஏக்கர், அளந்து ஒதுக்கப்பட்டது. கோடி ஏக்கரை இழக்கிற நேரத்தில் ஒரு சதுர மைலுக்காக வாதாடியவர்களின் தெளிவை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் நெகிழ்கிறது.

அந்தச் சதுரத்துக்குத் தெற்கே, 1870களில், சார்லஸ் பென்னெட், டேனியல் ஸ்வீட் என்ற இருவர் வந்து ஊரை உண்டாக்கினார்கள். 1876இல் தெருக்கள் அளந்து மனை போட்டார்கள். வெட்டுக்கிளிகள் பயிரைத் தின்று தீர்த்த வருஷங்கள் அவை. குடியேற்றம் மெதுவாகத்தான் நடந்தது. 1879இல் ரயில் வந்ததும் நிலைமை மாறியது. 1890 வாக்கில் நாலு ரயில் பாதைகள் ஊரைத் தொட்டன. புல்வெளியில் மரம் அரிது. பாறையோ காலடியிலேயே கிடக்கிறது. குவார்ட்சைட்டை வெட்டிக் கட்டத் தொடங்கினார்கள். 1888இல் கலுமெட் ஹோட்டல், 1896இல் நகர மன்றம், 1901இல் மாவட்ட நீதிமன்றம் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பழைய நகர மன்றத்தில் இப்போது மாவட்ட அருங்காட்சியகம் இருக்கிறது.

கடைத்தெருவில் நின்று அண்ணாந்து பாருங்கள். மூர் என்ற குவாரி உரிமையாளர் 1896இல் கட்டிய கட்டடத்தின் முகப்பில் செதுக்கிய முகங்கள் வரிசையாக நம்மைப் பார்க்கும்: சில சிரிக்கும், சில முறைக்கும். அவ்வளவு முரட்டுக் கல் ஊரில் ஒரு மனிதர் இத்தனை விளையாட்டாகத் தன் சுவரை அலங்கரித்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பிறகு கான்கிரீட்டும் எஃகும் மலிவாக வந்தன. இவ்வளவு கெட்டியான கல்லை வெட்டுகிற கூலி கட்டுப்படியாகவில்லை. கட்டடக்கல் தொழில் தளர்ந்தது. பக்கத்து ஊரான ஜாஸ்பரில் அரவை இயந்திரங்களின் உட்சுவரில் பதிக்கும் கல் செய்யும் தொழில் மட்டும் இன்னும் பல காலம் நடந்தது.

இந்த ஊர் அந்தச் சதுர மைலை எப்படி நடத்தியது? சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். ஒப்பந்த நிலத்துக்குள் ஆக்கிரமிப்பாளர்கள் புகுந்தார்கள். 1884இல் ஒரு ரயில் கம்பெனி அதன் குறுக்கே தண்டவாளம் போட்டது. யாங்க்டன் மக்கள் முறையிட்டு முறையிட்டு, கடைசியில் 1887இல் ராணுவம் வந்து ஆக்கிரமிப்பாளர்களை வெளியேற்றியது. குவாரி வாசலில் மூன்று கன்னியர் என்று பெயர் பெற்ற பெரிய கருங்கல் பாறைகள் உண்டு. பனியுகத்தில் பனிப்பாறைகள் சுமந்துவந்தவை. அவற்றைச் சுற்றித் தரையில் பழங்குடி மக்கள் செதுக்கிய உருவங்கள் இருந்தன. பென்னெட் அந்தக் கற்பலகைகளைப் பெயர்த்தெடுத்துவிட்டார். எஞ்சியவை இப்போது பார்வையாளர் மையத்தில் இருக்கின்றன.

எல்லாவற்றையும்விடப் பெரிய காயம் பள்ளிக்கூடம். 1893இல் அரசாங்கம், யாங்க்டன் மக்களின் சம்மதம் இல்லாமல், அவர்களுடைய அந்த நிலத்திலேயே பழங்குடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளியைத் திறந்தது. டகோட்டா, ஓஜிப்வே என்று பல இனத்துப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். தாய்மொழி கூடாது, சொந்த வழிபாடு கூடாது. தங்கள் மக்கள் பிரார்த்தனைக்குக் கல் எடுக்கிற குழிகளுக்குப் பக்கத்திலேயே அந்தப் பிள்ளைகள் இதைப் படித்தார்கள். 60 வருஷம் நடந்து 1953இல்தான் அது மூடப்பட்டது. கண்காணிப்பாளர் குடியிருந்த குவார்ட்சைட் வீடு இன்னும் நிற்கிறது.

யாங்க்டன் மக்கள் நீதிமன்றம் போனார்கள். 1926இல் உச்ச நீதிமன்றம், அந்த நிலம் அவர்களுக்குச் சொந்தமாகத்தான் இருந்தது, எடுத்துக்கொண்ட அரசு ஈடு கொடுக்க வேண்டும் என்று சொன்னது. 3 லட்சத்து 28 ஆயிரம் டாலருக்குச் சற்று மேல் வந்தது. பணம் வந்ததும் நிலத்தின் உரிமை போயிற்று. கேட்டது நியாயம், கிடைத்தது விலை.

ஊர்க்காரர்களிலும் மனசாட்சியுள்ளவர்கள் இருந்தார்கள். வினிஃப்ரெட் பார்ட்லெட் என்ற உள்ளூர்ப் பெண்மணி 1930களில் சங்கம் அமைத்து, குவாரியைத் தேசிய அளவில் பாதுகாக்க வேண்டும் என்று விடாமல் பாடுபட்டார். 1937இல் குவாரி தேசிய நினைவிடமானது. கல் எடுக்கும் உரிமை எல்லா இனப் பழங்குடி மக்களுக்கும் மட்டுமே என்று சட்டத்திலேயே எழுதினார்கள். இன்றும் அங்கீகரிக்கப்பட்ட பழங்குடி உறுப்பினர்கள்தான் அனுமதிச் சீட்டு வாங்கித் தோண்ட முடியும். ஆண்டுச் சீட்டுக்கு வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இன்னொரு நன்மையும் நடந்தது. ஒதுக்கிய நிலத்தில் பெரும்பகுதியில் ஏர் படவில்லை. மினசோட்டாவின் பழைய உயர்புல் வெளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் மிஞ்சியிருக்கிறது. அதில் ஒரு துண்டு இங்கே இருக்கிறது.

ஊர் வாழ்க்கை என்றால் ஹயவாதா நாடகத்தைச் சொல்லாமல் விட முடியாது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில வருஷங்களில் தொடங்கி 2008 வரை, ஒவ்வொரு கோடையிலும் ஊரே சேர்ந்து திறந்தவெளியில், பழைய குவாரிக் குட்டைக் கரையில் அந்தக் கவிதையை நடித்தது. விவசாயி, கடைக்காரர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் வேஷம் கட்டினார்கள். தலைமுறைகள் அதில் வளர்ந்தன. அந்த உழைப்பையும் பாசத்தையும் நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கதை பெரும்பாலும் வடக்கே வாழும் ஓஜிப்வே மக்களுடையது. நிஜமான டகோட்டா மக்கள் பக்கத்திலேயே கல் உடைத்துக்கொண்டிருக்க, அவர்கள் கதையைக் கேட்கிற மேடை ஊரில் எத்தனை இருந்தது?

நமக்கும் இந்த ஊரோடு ஒரு சின்னத் தொடர்பு உண்டு. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளில் சுஸ்லான் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் புனே கம்பெனி 2006இல் பைப்ஸ்டோனில் காற்றாலை இறக்கை செய்யும் ஆலையைத் திறந்தது. சில வருஷத்தில் அது மூடிவிட்டது.

இன்று அங்கே நடக்கிற விவாதம் விற்பனையைப் பற்றியது. புகைக்குழல் புனிதமானது, அதை விற்கவே கூடாது என்று டகோட்டா, லகோட்டா பெரியவர்கள் பலர் சொல்கிறார்கள். செதுக்கும் குடும்பங்களோ, இந்தக் கையால் செய்து விற்றதால்தான் கலை அழியாமல் வந்தது, பிழைப்பும் நடந்தது என்கின்றன. ஊருக்கு வருகிற வெளியாள் இதில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை; இரண்டு பக்கத்தையும் கேட்டால் போதும்.

நேயர்களில் யாராவது அந்தப் பக்கம் போவதாக இருந்தால் கோடை முடிவிலோ இலையுதிர் காலத் தொடக்கத்திலோ போங்கள். வசந்தத்தில் குழிகளில் தண்ணீர் நிற்கும். முக்கால் மைல் நடைபாதை குழிகளையும் அருவியையும் சுற்றி வருகிறது. மரங்களில் பிரார்த்தனைத் துணிகள் கட்டியிருக்கும். தொடாதீர்கள், படமும் எடுக்காதீர்கள். பார்வையாளர் மையத்தில் செதுக்குகிறவர்கள் உட்கார்ந்திருந்தால் நின்று பேசுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.