முதலில் நாம் முகர்ந்து பார்ப்போம்

வணக்கம் நேயர்களே.

தூண்டில்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே போகும் என்று கேட்டுப் பாருங்கள். எந்தக் கோல் நல்லது, எந்த ரீல் ஓடும், தூண்டில் நரம்பு எத்தனை கிலோ தாங்கும், தூண்டில் முள் எத்தனாம் நம்பர். இரையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கிளம்புகிற அவசரத்தில் குளிர்பெட்டியின் அடியைத் துழாவி, கையில் கிடைத்ததைப் பையில் போட்டுக்கொள்வதோடு சரி. நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

ஒரு விடியற்காலை என் புத்தியைத் திருத்தியது. ஒரே படகில் நானும் ஒரு நண்பரும். அவர் முந்தின இரவே விளக்கு வெளிச்சத்தில் நாலு ஊசிக் கணவாய் பிடித்துப் பதமாக வைத்திருந்தார். என்னிடம் இருந்ததும் கணவாய்தான். ஆனால் இரண்டு தடவை உருகி, இரண்டு தடவை உறைந்த பொட்டலம். ஒரே பார் (கடலடிப் பாறைத் திட்டு), ஒரே ஆழம், முள்ளும் ஒரே அளவு. அவருக்கு ஆறு சங்கரா. எனக்கு ஒன்று கிடைத்தது, அது கெளுத்தி.

இன்று பேசப்போவது ஸ்நாப்பர் மீனுக்கு இரை தேர்ந்தெடுப்பது பற்றி. நாம் சங்கரா, செப்பிலி என்று சொல்கிறோமே, அந்தக் குடும்பம். அதில் 100-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஸ்நாப்பர் என்றால் இந்தக் குடும்பமே இல்லை, வேறொரு வகை. பெயர்க் குழப்பம் இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டும் அடித்தளத்தில், பாறையோரத்தில் மேயும். இரண்டும் இறால், நண்டு, கணவாய், சின்ன மீன் என்று எதையும் விடாது. ஆகவே நான் சொல்வது இரண்டுக்கும் பொருந்தும்.

எதையும் விடாது என்றால், அழுகியதையும் தின்னும் என்று பொருள் அல்ல. "நாற்றம் அடித்தால்தான் மீன் வரும்" என்று ஒரு நம்பிக்கை உண்டு. வரும்தான். நண்டு வரும், கெளுத்தி வரும். சங்கரா வந்து கவ்விப் பார்த்து, பிடிக்காவிட்டால் துப்பிவிட்டுப் போய்விடும். அந்த லேசான இழுப்பைத்தான் நாம் "சின்ன மீன் கொத்துகிறது" என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இதற்குக் காரணம் இருக்கிறது. மீனைக் கூப்பிடுவது பெரும்பாலும் இரையின் சதைச் சாற்றில் கரைந்திருக்கும் அமினோ அமிலங்கள். இறாலிலும் கணவாயிலும் இவை ஏராளம். மத்தி போன்ற எண்ணெய் மீனின் எண்ணெயும் வாசம் பரப்பும். ஆனால் எண்ணெய் மேலே மிதந்து போகும். அடியில் நிற்கிற மீனுக்கு நீரோட்டத்தோடு வந்து சேருவது தண்ணீரில் கரைகிற சாறு. செத்த மீனில் பாக்டீரியா வேலை தொடங்கினதும் டிரைமெத்திலமைன் என்ற பொருள் உண்டாகிறது. நாம் மூக்கைச் சுளிக்கும் அந்த மீன் நாற்றம் அதுதான். நாற்றம் ஏற ஏற சதை குழைகிறது, சாறு போகிறது. வாசம் கூடிவிட்டது என்று நாம் மகிழும்போது இரையில் பாதி போயிருக்கும்.

எனவே என் முதல் விதி மிக எளிது. சமைத்துச் சாப்பிட மனம் வராத எதையும் முள்ளில் கோக்காதீர்கள். கூச்சப்படாமல் பொட்டலத்தைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கடல் வாசம் வந்தால் எடுங்கள்.

கணவாயைக் கண்ணாலேயே சொல்லிவிடலாம். புதுக் கணவாய் கண்ணாடி போலப் பாதி ஊடுருவித் தெரியும், தோலில் பழுப்புப் புள்ளிகள் தெளிவாக இருக்கும். இப்போதுதான் பிடித்தது என்றால் அந்தப் புள்ளிகள் விரிந்து சுருங்குவதையே பார்க்கலாம். நேரம் போகப்போகப் பால் வெள்ளையாகும். அதுவரை பரவாயில்லை. இளஞ்சிவப்பு படர்ந்து, தோல் கையோடு வந்தால் விட்டுவிடுங்கள்.

மத்தி, கானாங்கெளுத்தி, மடவை இவற்றில் எல்லோரும் கண்ணையும் செவுளையும் பார்ப்பார்கள். நான் வயிற்றைப் பார்ப்பேன். இரை தின்ற வயிற்றோடு பிடிபட்ட மத்தியில், அதன் குடலிலுள்ள செரிமான நீரே உள்ளிருந்து வயிற்றுச் சுவரை அரித்துவிடும். கண் பளபளவென்று இருக்கும், வயிறு கிழிந்திருக்கும். அப்படிப்பட்டது முள்ளில் நிற்காது. விரலால் அமுக்கினால் சதை திரும்ப எழ வேண்டும். இறாலில் தலை கறுத்திருக்கிறதா, உடம்போடு ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். தலைக் கறுப்பு நொதிகளால் வருவது. லேசாக இருந்தால் மோசமில்லை. தலை தொங்கினால்தான் மோசம்.

உறைந்த இரையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நல்லபடி உறைந்தது நல்ல இரை. ஆனால் மெதுவாக உறையும்போது சதைக்குள் பெரிய பனிப் படிகங்கள் உண்டாகி, செல்களைக் கிழிக்கின்றன. உருகும்போது தட்டில் ஒரு தண்ணீர் வடியுமே, மீனைக் கூப்பிட வேண்டிய சாறு அதுதான். அதைக் கீழே ஊற்றிவிட்டுச் சக்கையைக் கடலில் போடுகிறோம். மறுபடி உறைய வைத்தால் இழப்பும் மறுபடி. வாங்கும்போது பொட்டலத்தின் அடியில் சிவப்பு நீர் கட்டியாக உறைந்திருந்தால், அது ஏற்கெனவே ஒருமுறை உருகியது. மத்தியின் ஓரங்கள் மஞ்சளித்திருந்தால் எண்ணெய் சிக்கேறிவிட்டது.

கடலுக்குப் போகும் வழியில் கெடுப்பவர்கள்தான் அதிகம். பனிக்கட்டி மேல் நேராக இரையைக் கொட்டுவார்கள். உருகும் நன்னீர் சதைக்குள் புகுந்து, வெளுத்து, கொழகொழத்துப் போகும். இரையை நீர் புகாத பையில் கட்டிப் பனிக்கட்டிமேல் வையுங்கள். அல்லது கடல்நீரில் பனிக்கட்டி போட்டு அதில் வையுங்கள். வேண்டிய துண்டை மட்டும் வெளியே எடுங்கள். வெயிலில் பலகைமேல் காயும் மத்தியைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

இனி கரையா, படகா என்பது. இங்கேதான் இரையின் தேர்வு பிரிகிறது.

கரையிலிருந்து வீசுகிறவருக்கு இரை இரண்டு அடி தாங்க வேண்டும். வீச்சின் விசை ஒன்று, தண்ணீரில் விழும் அறை இன்னொன்று. புது மத்தி எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் பாதி வழியில் தனியாகப் பறந்துவிடும். ஈயக் குண்டு மட்டும் போய்ச் சேரும். ஆகவே கரைக்குக் கணவாய், தோலோடு வெட்டிய மடவைத் துண்டு, தோல் தடித்த மற்ற மீன் துண்டு. மத்திதான் வேண்டும் என்றால் ரப்பர் போல இழுபடும் மெல்லிய நூலால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். அலையோரத்தில் நண்டும் பொடி மீனும் நிமிஷத்தில் கொறித்துவிடும். கால் மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வெளுத்த துண்டு முள்ளிலேயே இருந்தாலும் அதன் வேலை முடிந்துவிட்டது.

படகில் நிலைமை நேர்மாறு. நேராக இறக்குகிறோம், வீச்சு கிடையாது. மென்மையான முழு மத்தி, தலையோடு இறால் எல்லாம் இங்கே பலிக்கும். நீரோட்டம் குறைவாக இருந்தால் ஈயத்தைக் குறைத்து மெதுவாக இறங்கவிடுங்கள். இறங்கும்போதே கவ்வுவது உண்டு. ஆழம் அதிகமானால் ஒரு சிக்கல்: கீழே இரை போய்விட்டதா என்பது மேலே தெரியாது. அங்கே மத்தித் துண்டோடு ஒரு கீற்றுக் கணவாயையும் சேர்த்துக் கோப்பேன். மத்தி போனாலும் கணவாய் நிற்கும்.

வெட்டுவதில் ஒரு வார்த்தை. கட்டை கட்டையாக நறுக்காதீர்கள். ஒரு முனை ஒடுங்கிய நீளத் துண்டாகச் சாய்த்து வெட்டி, ஒடுங்கிய முனையில் தோலைத் துளைத்துக் கோத்தால் தண்ணீரில் சுழலாது. சுழன்றால் நரம்பு முறுக்கிக்கொள்ளும், மீனும் சந்தேகப்படும். முள்ளின் நுனி வெளியே தெரியட்டும். இரைக்குள் புதைத்தால் மீன் வாயில் தைக்காது.

எல்லாவற்றையும்விட மேல், அந்த இடத்திலேயே பிடித்த இரை. அதோடு நாள் முழுக்க ஒரே இரையில் பிடிவாதம் வேண்டாம். முதல் மீனை வைத்துக்கொள்வதாக இருந்தால் உடனே வயிற்றைக் கீறிப் பாருங்கள். நண்டு ஓடு கிடந்தால், கணவாயை ஓரமாக வைத்துவிட்டு நண்டு தேடுவேன்.

ஒரு எச்சரிக்கை. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2016-இல் இறால் பண்ணைகளில் வெள்ளைப்புள்ளி நோய் கண்டது. சமையலுக்கு விற்கும் இறாலை இரையாகப் போடாதீர்கள் என்று அங்கே அதிகாரிகள் வலியுறுத்துகிறார்கள். வேறு கடலின் இறாலோடு வேறு கடலின் நோயும் வந்து இறங்கலாம். உயிருள்ள இரைக்கும் பல இடங்களில் கட்டுப்பாடு உண்டு. கேட்டுவிட்டு இறங்குங்கள்.

மிச்ச இரையை மறுபடி உறைய வைக்காதீர்கள் என்றேன். பிறகு என்ன செய்வது? துண்டு போட்டு, கல்லுப்பை அடுக்கு அடுக்காகத் தூவி, வடியும் நீரைக் கொட்டிவிடுங்கள். ஓரிரு நாளில் சதை இறுகித் தோல்வார் போலாகும். புதிதின் வாசம் இருக்காது. ஆனால் கரையிலிருந்து எத்தனை வீச்சுக்கும் முள்ளைவிட்டு நகராது. உப்பு ஏறியதால் குளிர்பெட்டியிலும் கல்லாக உறையாது. என் குளிர்பெட்டியின் அடியில் இப்போது அந்தக் கணவாய்ப் பொட்டலம் இல்லை. உப்பிட்ட மடவை ஒரு டப்பா இருக்கிறது, அதில் தேதியும் எழுதியிருக்கிறேன்.

வணக்கம்.