எதிர்க்காற்றில் சத்தம் எங்கே போகிறது?

வணக்கம் நண்பர்களே. திறந்த வெளியில் நிற்கிறேன், காற்று நன்றாக வீசுகிறது. அதோ, 200 மீட்டர் தள்ளி தரையில் ஒரு மின்மணி வைத்திருக்கிறேன், விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. காற்று என் முதுகிலிருந்து மணிப் பக்கம் அடிக்கிறது. அதாவது, மணிச்சத்தம் எதிர்க்காற்றில்தான் என்னிடம் வர வேண்டும்.

இப்போது குந்தி உட்காருகிறேன். ம்ஹூம், ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து நிற்கிறேன்... லேசாகக் கேட்கிறது. இந்த ஸ்டூல் மேல் ஏறுகிறேன். ஆங், இப்போது தெளிவாகவே கேட்கிறது!

காற்று சத்தத்தை அடித்துக்கொண்டு போய்விடுகிறது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிற பலமான காற்று, நொடிக்கு வெறும் 10 மீட்டர்தான். அதனால் ஒலியை நிறுத்த முடியாது.

சரி, அப்புறம் ஏன் கேட்கவில்லை? இந்தக் குச்சியைப் பாருங்கள். அடியில் ஒரு ரிப்பன், நுனியில் ஒரு ரிப்பன். நுனியில் இருப்பது படபடக்கிறது, அடியில் இருப்பது சும்மா ஆடுகிறது. புல்லிலும் மண்ணிலும் உரசி, தரையோரம் காற்றின் வேகம் குறைந்துவிடுகிறது. ஆக, எதிரே வருகிற ஒலியலையின் மேல்பகுதிதான் அதிகமாகத் தடைபடுகிறது. கைகோத்து நடக்கிற வரிசையில் ஒரு ஓரத்தில் இருப்பவர் மெதுவாக நடந்தால், வரிசையே அவர் பக்கம் திரும்பிவிடும் இல்லையா? அதே மாதிரி ஒலியும் மேல்நோக்கி வளைந்து, என் தலைக்கு மேலே போய்விடுகிறது. கீழே மிஞ்சுவது ஒலி நிழல், அதாவது ஒலி நேராக எட்டாத இடம். முழு அமைதி இல்லை. காற்றின் சுழிப்பு கொஞ்சம் ஒலியைச் சிதறடித்து உள்ளே தள்ளும். அதனால்தான் குந்தியிருக்கும்போதும் எப்போதாவது ஒரு நொடி கேட்டு மறையும்.

இதை 1857-லேயே ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி விளக்கிவிட்டார். பிறகு ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்ற இன்னொரு விஞ்ஞானி மின்மணி வைத்தே சோதித்தார். உயரத்தில் ஏறினால் தொலைந்த சத்தம் திரும்பக் கிடைக்கிறது என்று அவர் கண்டதை என் காதாலேயே கேட்கும்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா!

மணிக்கு அந்தப் பக்கம் போனால் நிலைமை தலைகீழ். அங்கே காற்று மேல்பகுதியை முந்தித் தள்ளுவதால், ஒலி கீழ்நோக்கி வளைந்து காதுக்கே வரும். காற்றே இல்லாத தெளிந்த இரவிலும் இப்படித்தான்: தரையோரக் காற்று குளிர்ந்துவிடும், குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும். தூரத்து ரயில் ராத்திரியில் பக்கத்தில் போவது போலக் கேட்க அது ஒரு காரணம்.

ஒரு விஷயம், வீடியோவில் உங்களுக்குக் கேட்கிற ‘புர்ர்’ சத்தம் இதோடு சேர்ந்ததில்லை. அது காற்று மைக்கிலேயே மோதுகிற சத்தம். அதைக் குறைக்கத்தான் இந்த முடி வைத்த உறை.

சரி, மணியைத் தாண்டி அதே 200 மீட்டருக்குப் போகிறேன். அங்கேயும் குந்தி உட்கார்ந்து கேட்கலாம், வாருங்கள்.