நாய்க் காப்பகத்துக்குக் கட்டடம்: வசூலுக்கு முன்னால் கரம் ரசீது

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வாடகைக் கொட்டகையில் 40 நாய்கள் வைத்திருக்கிறாராம். பொள்ளாச்சிச் சந்தை வண்டியில் கால் ஒடிந்து வழியில் இறக்கிவிட்ட கன்றுகள் இரண்டு வேறு. கொட்டகைக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். சொந்தத்தில் ஒருவர் டிரஸ்டுக்கு 20 சென்ட் எழுதித் தருகிறேன் என்கிறார். "கட்டடத்துக்கு 18 லட்சம் ஆகும் என்கிறார்கள். ஆன்லைனில் போட்டு வசூல் பண்ணலாமா, எங்கிருந்து ஆரம்பிப்பது?" என்று கேட்கிறார்.

வசூல் இருக்கட்டும் அம்மணி. அந்த 20 சென்ட்டுக்குக் கரம், அதாவது நில வரி, கட்டின ரசீதை முதலில் வாங்கிப் பாருங்கள். 'நிலம்' என்று போட்டிருக்கிறதா, 'புரையிடம்' என்று போட்டிருக்கிறதா? நம்மவர்கள் ஏமாறுகிற இடம் இது. தமிழில் எல்லாமே நிலம்தான். கேரள வருவாய்க் கணக்கில் 'நிலம்' என்றால் வயல், 'புரையிடம்' என்றால் வீடும் தோட்டமுமான மேட்டுப் பூமி. 2008இல் வந்த நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே, அதன்படி அங்கே நினைத்தபடி கட்டடம் எழுப்ப முடியாது. பல வருஷமாகத் தென்னைதான் நிற்கிறது என்று நீங்கள் சொன்னாலும் கணக்கில் வயல் என்றால் வயல். கிருஷிபவனில் (அங்கத்து வேளாண்மை ஆபீஸ்) டேட்டா பேங்க் என்று வயல்களின் பட்டியல் ஒன்று வைத்திருப்பார்கள். உங்கள் சர்வே நம்பர் அதில் இருந்தால் நீக்கச் சொல்லி ஒரு விண்ணப்பம், இல்லாவிட்டால் தன்மை மாற்றச் சொல்லி வேறு விண்ணப்பம். ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸ் வரைக்கும் போகும், மாதக்கணக்கில் இழுக்கும். பஞ்சாயத்து பெர்மிட் அதற்கு அப்புறம்தான்.

பணம் முதலில் வரட்டும், பேப்பர் மெதுவாக நடக்கட்டும் என்று நினைக்காதீர்கள். வரி விலக்கு வாங்கின டிரஸ்ட் ஒரு வருஷத்தில் வந்த வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருஷமே செலவழிக்க வேண்டும். சேர்த்து வைக்க வேண்டுமானால் அதற்குத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டட நிதிக்கென்றே தருகிறேன் என்று கொடுப்பவர் எழுதித் தந்தால் அதற்குக் கணக்கே வேறு. ஆடிட்டரிடம் இதை இப்போதே கேட்டுவிடுங்கள், மார்ச் மாதம் போய் உட்காராதீர்கள்.

சரி, பேப்பர் சுத்தம், பெர்மிட்டும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 18 லட்சம் வேண்டும் என்று யாரிடமும் கேட்காதீர்கள். எங்கள் கோபாலபுரத்துக் காப்பகத்துக்கு நான் அப்படித்தான் கேட்டேன். மளிகைக்கடைக்காரர் நோட்டீஸை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் என்னுடைய நூறு ரூபாய் எங்கேக்கா போகும்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து எஸ்டிமேட்டைத் துண்டு துண்டாகப் பிரித்தேன். ஓர் அறைக்கு ஒரு கம்பிக் கதவு, ஒரு தகர ஷீட், கழுவுகிற தண்ணீர் போக ஓர் அடி வாய்க்கால். ஒவ்வொன்றுக்கும் விலை போட்டுக் கையால் எழுதின அட்டையை அவர் கடையிலேயே மாட்டினேன். ஒரு கதவு அவரே வாங்கிக் கொடுத்தார். பால் சொசைட்டிக்காரர்கள் சேர்ந்து வாய்க்காலை எடுத்துக்கொண்டார்கள். கொடுத்தவர் பெயர் ஏறின வரியைச் சிவப்பு மையில் அடித்துக்கொண்டே வந்தேன். மீதி வரிகளைப் பார்த்தே ஆட்கள் விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

வாய்க்கால் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் முதல் தரையைக் கொத்தனார் வீட்டு ஹால் மாதிரி வழவழவென்று இழைத்துவிட்டார். வாட்டம் வாய்க்கால் பக்கம் இல்லாமல் சுவர்ப் பக்கம் போயிற்று. கழுவின தண்ணீர் மூலையில் தேங்கும், வயசான நாய்கள் எழுந்திருக்கும்போது பின்னங்கால் விரிந்து உட்கார்ந்துவிடும். உடைத்துப் போடப் பணம் கேட்டால், "போன வருஷம்தானே கொடுத்தோம்?" என்றார்கள். நியாயம்தானே! தரை போடுகிற அன்றைக்கு நீங்கள் கூடவே நில்லுங்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி எங்கே ஓடுகிறது என்று பார்த்த பிறகு கூலியைக் கொடுங்கள்.

ஆன்லைன் விஷயத்துக்கு வருகிறேன். அடிபட்ட நாயின் படத்துக்கு ஒரே ராத்திரியில் பணம் வரும். செங்கல் படத்துக்கு வராது. அதனால் பாதிக் கட்டடம் எழும்பி, ஊர்க்காரர்கள் கொடுத்த பட்டியல் கையில் இருக்கும்போது ஆன்லைனில் போடுங்கள். முகம் தெரியாதவர்கள், பக்கத்தில் இருப்பவர்கள் நம்பினார்களா என்றுதான் பார்ப்பார்கள்.

நன்கொடை ரசீது விஷயத்தில் கவனம். 80ஜி, அதாவது நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை, கேட்பவர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது, வங்கி வழியாகத்தான் தர வேண்டும். லாரிக்காரர் ஒரு லோடு மணல் இறக்கினால் மனசார நன்றி சொல்லுங்கள், ஆனால் பொருளாகக் கொடுத்ததற்கும் 80ஜி கிடையாது. முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்னால் மனஸ்தாபம் இல்லை.

உங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். இந்தியக் குடிமகனாக இருந்துகொண்டு தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், சொந்தத் தாய்மாமனாகவே இருந்தாலும் எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அவரிடம் பத்து ரூபாய்கூட வாங்கக் கூடாது.

அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் ஒரு நடை போய் வாருங்கள், குரைக்கிற சத்தம் அவர்களுக்குத்தானே கேட்கப் போகிறது. இன்னொன்று, கன்றுகளுக்குத் தனி வாசல் வையுங்கள், நாய்களுக்கு நடுவில் ஓட்டிக்கொண்டு போக முடியாது. ரசீதில் 'நிலம்' என்று இருந்தால் கமெண்டில் எழுதுங்கள், அந்த விண்ணப்பம் போட்ட கதையை அடுத்த வாரம் சொல்கிறேன்.