ஓர் இரவுக்கான அறை வைத்தியசாலைக்குள் இருக்க வேண்டும்

வணக்கம் உறவுகளே. இன்றைய காணொளியில் எந்தப் பெண்ணின் முகத்தையும் நான் காட்டப் போவதில்லை. குரலை மாற்றிப் பதிவிடப் போவதும் இல்லை. இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் ஒருவர் அணிந்திருக்கும் சேலையையும் பின்னால் தெரியும் வேலியையும் பார்த்தே இன்னாருடைய மகள் என்று சொல்லிவிடக்கூடியவர்கள் நாங்கள். ஆகவே நான் ஒருத்தி மட்டும் கமராவுக்கு முன்னால் இருந்து, இரவில் போக்கிடம் இல்லாமல் நிற்கும் பெண்களைப் பற்றியும் அவர்களுக்கான அறை எங்கே அமைய வேண்டும் என்பதைப் பற்றியும் பேசுகிறேன்.

வீடற்றவர் என்றதும் பெருநகரத்து நடைபாதையில் படுத்திருப்பவரே பலருக்கு நினைவுக்கு வருகிறார். இங்கே அப்படிப்பட்டவர்கள் கண்ணில் படுவது குறைவு. ஒரு கிழமை தமக்கையின் வீட்டுத் தாழ்வாரத்திலும், அடுத்த கிழமை சின்னம்மா வீட்டுக் குசினிக்குள்ளும் படுத்தெழும்பி, மூன்றாவது வீட்டில் முகம் சுளிக்கத் தொடங்கியதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயில் மடத்துக்குப் போகிறவளை யாரும் வீடற்றவள் என்று கணக்கில் எடுப்பதில்லை. வைகாசிப் பொங்கலன்று வற்றாப்பளை அம்மன் கோயில் வெளியில் விடிய விடிய ஆயிரக்கணக்கானோர் இருக்கும்போது, மணலில் சேலைத்தலைப்பை விரித்துப் படுக்கும் பெண்ணை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கூட்டம் கலைந்த மறுநாள் இரவு அதே பெண் அதே இடத்தில் தனியே படுக்க முடியாது.

இந்நிலைக்குப் போர் ஒரு காரணம். 2009க்குப் பிறகு கணவனை இழந்தோ, காணாமல் போன கணவனைத் தேடிக்கொண்டோ குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் காணிப் பத்திரமும் ஒரு காரணம் என்பதை நாங்கள் போதிய அளவு பேசுவதில்லை. குடியேற்றத் திட்டங்களில் கொடுக்கப்பட்ட காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வந்தவை. காணியை வைத்திருக்க அரசு கொடுக்கும் உத்தரவுப் பத்திரம் பெரும்பாலும் ஆணின் பெயரிலேயே எழுதப்பட்டது. பின்னுரித்தாளர், அதாவது அவருக்குப் பிறகு காணியைப் பெறுபவர், பெயரிடப்படாவிட்டால் மகளுக்கு முன்னால் மகன் நின்றான். அந்த முறை 2022இல்தான் திருத்தப்பட்டது. அதற்கு முன்பே தம்பியின் பெயருக்குப் போய்விட்ட காணி அக்காவிடம் தானாகத் திரும்பி வராது.

சட்டம் கைகொடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அடிப்பவரை வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கலாம். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார்; பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கமான 1938க்கு அழைக்கலாம். ஆனால் நீதிமன்றமும் செயலகமும் பகலில்தான் திறந்திருக்கின்றன. இரவு ஒன்பது மணிக்கு, கடைசி பஸ்ஸும் போன பிறகு, யானை நடமாடும் வீதியோரத்தில் இரண்டு பிள்ளைகளுடன் நிற்பவளுக்கு விடியும்வரை இருக்க ஓர் இடம் வேண்டும். பொலிஸுக்குப் போகலாமே என்பீர்கள். போகலாம், ஆனால் சீருடையைக் கண்டாலே உடல் நடுங்கும் அனுபவத்தோடு வாழும் பெண்கள் எங்கள் மண்ணில் எத்தனை பேர் என்பது உங்களுக்கும் தெரியும். மேலும், பாதுகாப்பு இல்லங்கள் பலவற்றுக்கு நீதிமன்றத்தின் அல்லது ஓர் உத்தியோகத்தரின் கடிதத்தோடுதான் போகவேண்டியிருக்கிறது.

ஆகவே என்னுடைய கருத்து இதுதான்: முதல் இரவுக்கான அறை வைத்தியசாலை வளவுக்குள் இருக்க வேண்டும். கிளிநொச்சியிலும், வவுனியாவிலும், முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலை இருக்கும் மாஞ்சோலையிலும் இரவு முழுவதும் விளக்கு எரியும், வாசலில் காவலாளி நிற்கும், பெண்கள் போய்வருவதை யாரும் குறையாகப் பேசாத இடம் வைத்தியசாலை ஒன்றுதான். இரகசிய முகவரியில் தனி இல்லம் அமைப்பது பெரிய நகரத்துக்குப் பொருந்தலாம். இங்கே புதிதாக ஒரு வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வந்தால் மறுநாளே தேத்தண்ணிக் கடையில் கதை வந்துவிடும். வைத்தியசாலைக்குப் போனவளோ, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். காயம் இருந்தால் காலையில் சட்ட வைத்திய அதிகாரி பார்த்துப் பதிவு செய்வார். பாதிக்கப்பட்ட பெண்களுக்கென அரச வைத்தியசாலைகளில் இயங்கும் நட்பு நிலையத்தின் தாதியிடமும் அங்கிருந்தபடியே பேசலாம்.

அந்த அறைக்குப் பெரிய வசதிகள் தேவையில்லை. உள்ளேயிருந்து பூட்டக்கூடிய கதவு, மலசலகூடத்துக்குப் போகும் வழியில் அணையாத விளக்கு, நுளம்புவலை, மாற்றுடுப்பு, மாதவிடாய்த் துவாய்கள், தொலைபேசியை மின்னேற்ற ஒரு செருகி ஆகியவை போதும். அடையாள அட்டையைக் கேட்கக் கூடாது. ஓடி வந்தவளிடம் பெரும்பாலும் அது இருக்காது. பதின்மூன்று, பதினான்கு வயது மகனை வெளியே நிறுத்தவும் கூடாது, ஏனென்றால் மகனை விட்டுவிட்டு உள்ளே வர எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டாள்; பக்கத்தில் தடுப்புப் போட்ட ஒரு கட்டில் இருந்தால் இந்தச் சிக்கல் தீரும். மனநலம் பாதிக்கப்பட்டு அலைந்து திரியும் பெண்களையும் முதியவர்களையும் அந்த அறை ஏற்க வேண்டும். அவர்களை நினைத்துத்தான் அதிகம் கவலைப்படுகிறேன், ஏனென்றால் அவர்களுக்காகப் பேச உறவினர்கூட வருவதில்லை.

புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து பார்க்கும் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். கட்டடம் கட்டித் தருகிறோம், பெயர்ப்பலகை வைக்கிறோம் என்று பலர் முன்வருகிறீர்கள். அந்த மனதை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த வேலைக்குச் செலவாகப் போவது சுவருக்கல்ல, விழித்திருக்கும் ஆளுக்கு. பயிற்சி பெற்ற இரண்டு பெண்கள் மாறி மாறி இரவுக் கடமை பார்க்க வேண்டும். அவர்களுக்கு மாதம் தவறாமல் சம்பளமும், வீட்டிலிருந்து வந்துபோக ஓட்டோக் காசும், கடமை முடிந்த பகலில் உறங்க விடுப்பும் வேண்டும். தொண்டாக இரு என்று சொல்லி வைத்தால் மூன்றாம் மாதம் அறைக்குப் பூட்டுத்தான் தொங்கும். உங்கள் ஊர்ச் சங்கம் அந்தச் சம்பளத்தை மூன்று வருடங்களுக்குப் பொறுப்பேற்குமா என்று இந்தக் கிழமையே கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்குக் கொடுக்க வேண்டிய கோரிக்கைக் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.