சோடா கலனில் வீட்டு பீர்

நேயர்களுக்கு வணக்கம்.

21 வயது நிரம்பியவர்களுக்கான பேச்சு இது. அமெரிக்காவில் நம் போன்றவர்கள் வீட்டில் பீர் காய்ச்ச வழிவிட்டது, 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம். பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை வரியின்றிக் காய்ச்சலாம், விற்கக் கூடாது.

காய்ச்சும் கலையைப் பற்றி நான் பேசப் போவதில்லை. பீர் புளித்து அடங்கிய பிறகு என்ன செய்வது என்பதுதான் என் கவலை. ஐந்து கேலன் பீரைப் புட்டியில் அடைக்க ஐம்பதுக்கும் மேற்பட்ட புட்டிகளைக் கழுவ வேண்டும். இரண்டு முறை கழுவியவர் மூன்றாம் முறை கெக், அதாவது பீர் மொத்தத்தையும் அடைத்து வைக்கும் ஒரே பெரிய கலன், வாங்கக் கிளம்பிவிடுவார். நானும் அப்படித்தான் கிளம்பினேன்.

நாம் வாங்கும் கெக் பீருக்காகப் பிறந்ததல்ல. கடைகளுக்குக் குளிர்பானப் பாகு அனுப்புவதற்காகச் செய்த ஐந்து கேலன் எவர்சில்வர் கலன் அது. கார்னீலியஸ் என்ற நிறுவனத்தின் பெயரால் அதைக் 'கார்னி கெக்' என்கிறோம். பெப்சிக்காரர்கள் ஒரு வகை இணைப்பும் கோக்க-கோலாக்காரர்கள் வேறு வகை இணைப்பும் வைத்திருந்தார்கள். ஒன்றின் இணைப்பு மற்றதில் பொருந்தாது. பழைய கலன் வாங்குகிறவர்கள் ஒரே வகையாகப் பார்த்து வாங்குங்கள். சோடாக் கலனில் பீரா என்று நினைக்க வேண்டாம். 1767-இல் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி, பக்கத்துப் பீர் ஆலையின் தொட்டிக்கு மேலே தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துத்தான் சோடாவையே கண்டுபிடித்தார். பீரின் மூச்சில் பிறந்ததுதான் சோடா.

கெக்கின் மூடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நீள்வட்டமாக இருக்கும்; வாயைவிடச் சற்றுப் பெரிது. சாய்த்து உள்ளே நுழைத்து, மேலே இழுத்துப் பிடித்து மூட வேண்டும். உள்ளேயிருந்து வாயு தள்ளத் தள்ள, அது ரப்பர் வளையத்தில் போய் இறுகிக்கொள்ளும். ஊரில் கோலி சோடா குடித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்தக் கோலி செய்யும் வேலையைத்தான் இந்த மூடி செய்கிறது. ஆகவே தொடக்கத்தில் கரியமில வாயு சிலிண்டரை இணைத்து, சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம் கொடுத்து மூடியை உட்கார வையுங்கள். பிறகு, சமையல் எரிவாயு சிலிண்டருக்குச் செய்வதுபோல எல்லா இணைப்புகளிலும் சோப்பு நுரையைத் தடவுங்கள். முதல் முறை நான் இதைச் செய்யவில்லை. ஒரே இரவில் சிலிண்டர் முழுவதும் காலியாகிவிட்டது. பணம் போனதை விடுங்கள். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. சிலிண்டரை நிமிர்த்தி, சாயாமல் கட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். கெக்கைத் திறக்கும் முன், மூடியிலுள்ள வால்வை இழுத்து அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றுவதும் கட்டாயம்.

நிரப்பும்போது டியூபை அடிவரை விட்டு, சலசலப்பில்லாமல் இறக்குங்கள். காற்று கலந்தால் சில வாரங்களில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். மூடிய பிறகு வாயுவை விட்டு, வால்வை இழுத்து, மூன்று நான்கு முறை உள்ளிருக்கும் காற்றை விரட்டுங்கள்.

இனி நுரை. புதியவர்களை அழவைப்பது இதுதான். என் முதல் கெக்கை நன்றி நவிலும் நாள் விருந்துக்காக நிரப்பினேன். நாள் குறைவு என்பதால், பீரில் வாயு சீக்கிரம் ஏறட்டும் என்று 30 பவுண்டு அழுத்தத்தில் வைத்துக் குலுக்கினேன். குழாய்க்குப் போட்டிருந்த டியூப் நான்கு அடிதான். விருந்தினர் கையில் கொடுத்த கண்ணாடிக் கோப்பையில் விளிம்பு வரை வெள்ளை. அடியில் இரண்டு விரல் அளவு பீர். அவசரத்தில் அழுத்தத்தை மூன்று பவுண்டுக்கு இறக்கினேன். அடுத்த வாரம் அதே பீர் உயிரற்ற தண்ணீராகிவிட்டது. குற்றம் பீரில் இல்லை, என் அவசரத்தில்தான்.

குளிர் கூடக் கூட, அழுத்தம் கூடக் கூட, பீர் அதிக வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 1803-இல் வில்லியம் ஹென்றி அழுத்தத்தைப் பற்றிச் சொன்ன விதி இன்றும் நம் குளிர்பெட்டிக்குள் நடக்கிறது. 38 டிகிரி ஃபாரன்ஹீட்டில், சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அழுத்தத்தில் வைத்தால், பீர் தன் அளவைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வாயுவை ஏற்கும். ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். பதறாத காரியம் சிதறாது என்பது இந்த வேலைக்கு அப்படியே பொருந்தும். அதே அழுத்தத்திலேயே ஊற்றுங்கள், குறைக்க வேண்டாம். மாற்ற வேண்டியது டியூபைத்தான். உள்விட்டம் 3/16 அங்குலமுள்ள டியூப் பத்து அடி போடுங்கள். அவ்வளவு தூரம் உரசிக்கொண்டு வரும்போது வேகம் தணிந்து, பீர் அமைதியாகக் கோப்பையில் இறங்கும். நான்கடி டியூபில் அழுத்தம் குழாய் வாயில் திடீரென்று விடுபட்டு நுரையாகச் சீறுகிறது. என் வீட்டில் டியூபை மாற்றிய அன்று, அதே கெக், அதே ரெகுலேட்டர், ஆனால் கோப்பையில் ஒன்றரை விரல் நுரைதான்.

குழாயைப் பாதி திறந்து பார்க்காதீர்கள். பாதி திறந்தாலும் சீறும். கோப்பையைச் சாய்த்து, ஒரே இழுப்பில் முழுவதும் திறவுங்கள். டியூபை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். அங்கே படியும் அழுக்கு நல்ல பீரையும் புளிக்கச் செய்துவிடும்.

இந்தச் சனிக்கிழமை கெக் நிரப்புகிறவர்கள் அடுத்த சனிக்கிழமைக்கு யாரையும் அழைத்துவிடாதீர்கள். அதற்கும் அடுத்த சனிக்கிழமைக்கு அழையுங்கள். வணக்கம்.