பல் இடைவெளிக்குச் சிகிச்சை: திரையில் காட்டும் சிரிப்பை எப்படிப் பார்ப்பது?

[திரையில்: சிரிக்கும் ஒரு முகம். மேல்வரிசை நடுப்பற்கள் இரண்டுக்கும் இடையே சிறு இடைவெளி.]

முன்பற்களுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள ஒருவர் பல் மருத்துவரிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பெல்லாம் மருத்துவர் வாயால் விளக்குவார், வந்தவர் தலையாட்டுவார். இருவர் மனத்திலும் இருந்தது ஒரே சிரிப்புதானா என்பது சிகிச்சை முடிந்த பிறகே தெரியவரும். இப்போது பல கிளினிக்குகளில் முகத்தைப் படமெடுத்து, வாய்க்குள் ஸ்கேனரைச் செலுத்திப் பற்களின் முப்பரிமாண வடிவத்தைப் பதிந்து, இடைவெளி மூடிய பின் சிரிப்பு எப்படியிருக்கும் என்பதைக் கணினியிலேயே காட்டிவிடுகிறார்கள். பிரேசில் நாட்டுப் பல் மருத்துவர் கிறிஸ்டியன் கோச்மன் பரவலாக்கிய இந்த முறை, ஸ்லைடு தயாரிக்கும் சாதாரண மென்பொருளில் முகப்படத்தின் மேல் கோடு வரைந்து பார்ப்பதாகவே தொடங்கியது.

[திரையில்: அதே முகம், இடைவெளி மூடப்பட்ட நிலையில்.]

கிளிப் போட்டுப் பற்களை நகர்த்தினாலும், பல் நிறத்திலுள்ள காம்போசிட் என்ற பிசினைப் பூசி அகலப்படுத்தினாலும், பல்லின் முகப்பைச் சீவி வெனீர் எனப்படும் மெல்லிய பீங்கான் தகடு ஒட்டினாலும், இந்தப் படம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அதுதான் இதிலுள்ள சிக்கல். கிளிப்பில் பல்லைப் பெரும்பாலும் சீவுவதில்லை. ஆனால் மாதக்கணக்கில் ஆகும், நடு இடைவெளி மீண்டும் திறந்துகொள்ளக்கூடியது என்பதால் பின்னரும் பற்களை நகராமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர் வேண்டியிருக்கும். காம்போசிட் ஒன்றிரண்டு வருகைகளில் முடிந்துவிடும். காபிக் கறை ஏறும், ஓரம் உடையும், செப்பனிடவும் முடியும். வெனீருக்கோ பொதுவாக 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை சீவுவார்கள். ஈறை ஒட்டிய இடத்தில் எனாமலின் மொத்தத் தடிமனே ஏறத்தாழ அவ்வளவுதான், போன எனாமல் திரும்ப வளராது. ஆகவே படம் பிடித்திருக்கிறதா என்று கேட்கும் மருத்துவரிடம், இந்தப் படத்துக்கு என் பல்லில் எவ்வளவு சீவுவீர்கள் என்று திருப்பிக் கேட்பதில் தவறே இல்லை.

[திரையில்: நடுப்பல் ஒன்று, அகலமும் உயரமும் குறிக்கப்பட்டு.]

படம் சொல்லாமல் செய்யும் இன்னொரு காரியத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மேல் நடுப்பல்லின் அகலம் சராசரியாக 8.5 மில்லிமீட்டர், உயரம் 10.5 மில்லிமீட்டர், அதாவது அகலம் உயரத்தில் ஏறத்தாழ 80 சதவீதம். இடைவெளியை மூட இரு பற்களையும் ஆளுக்கு 1 மில்லிமீட்டர் அகலப்படுத்தினால் 9.5 ஆகி, விகிதம் 90 சதவீதத்தைத் தொடும். பல் சதுரமாகத் தெரியும். கண்ணுக்கு அது உறுத்தும் என்பதால், படத்தைச் செய்பவர் பல்லைச் சற்று நீட்டிவிடுவார். பழைய விகிதம் திரும்ப வேண்டுமானால் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் நீள வேண்டும். திரையில் அது இழுத்து விடும் வேலை. வாயிலோ அந்த நீளம் கீழ்ப்பல்லில் இடிக்கலாம், பேச்சிலும் தடுக்கலாம். இதனால்தான் சில வேளைகளில் முதலில் பற்களை ஓரளவு நகர்த்தி, மிச்சத்தை மட்டும் காம்போசிட்டால் நிரப்புகிறார்கள்.

இடைவெளி சிறுவயதிலிருந்தே இருப்பதா, அண்மையில் விழுந்ததா என்பதும் முக்கியம். நடுவயதில் புதிதாகத் தோன்றினால், ஈறு நோயால் எலும்பு கரைந்து பற்கள் விலகியிருக்கக்கூடும். எக்ஸ்ரேயும் ஈறுப் பரிசோதனையும் இல்லாமல் அப்படிப்பட்டவருக்குச் சிரிப்புப் படம் காட்டுவது, விரிசல் விட்ட சுவருக்குப் பெயின்ட் நிறம் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

[திரையில்: சிலிக்கோன் அச்சு பற்களின் மேல் பொருத்தப்படுகிறது.]

திரையைவிட நம்பத்தக்க முன்னோட்டம் வாயிலேயே செய்துபார்ப்பதுதான். மாக்-அப் எனப்படும் இதில், கணினியில் வரைந்த வடிவத்தை முப்பரிமாண மாதிரியாக அச்சிட்டு, அதன் மேல் சிலிக்கோன் அச்சு எடுத்து, தற்காலிகப் பல் செய்யும் பிசினை அதில் நிரப்பிப் பற்களின் மேல் அழுத்துகிறார்கள். சில நிமிடங்களில் இறுகியதும் புதிய வடிவம் வாயில் நிற்கிறது. இதற்காகப் பல்லைச் சீவுவதில்லை. ஆனால் பல்லின் மேல் பொருளைச் சேர்க்கத்தான் இதனால் முடியும் என்பதால், கிளிப் சிகிச்சையின் முடிவை முழுமையாகக் காட்டாது. மாக்-அப்போடு எழுந்து நடமாடுங்கள், தண்ணீர் குடியுங்கள், 'ஃபிஃப்டி ஃபைவ்' என்று சொல்லிப் பாருங்கள். ‘ஃப’ உச்சரிக்கும்போது மேற்பல்லின் நுனி கீழுதட்டின் உள்விளிம்பை மெல்லத் தொட வேண்டும். பல் அளவு மீறி நீண்டிருந்தால் உதடு அதை உடனே சொல்லிவிடும்.

நிறத்தை மட்டும் திரை, மாக்-அப் இரண்டிலும் நம்ப வேண்டாம். குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்த தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் வளர்ந்த சிலரது பற்களின் பழுப்புக் கறை திரையில் ஒரு நொடியில் வெளுத்துவிடும். வாயில் அது எவ்வளவு வெளுக்கும் என்பது கறையின் ஆழத்தைப் பொறுத்தது. நிற மாதிரிப் பட்டையைப் பல்லருகே வைத்து, பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் நின்று பார்ப்பதே சரி.

[திரையில்: மாக்-அப் அகற்றப்பட்டு, பழைய இடைவெளி மீண்டும் தெரிகிறது.]

மாக்-அப் கழற்றப்பட்டதும் பழைய இடைவெளி கண்ணாடியில் திரும்ப வந்து நிற்கும். அன்றே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. மாக்-அப்போடு எடுத்த படங்களையும் பேசும் வீடியோவையும் வாங்கிக்கொண்டு, வீட்டில் இரண்டு நாள் பார்த்துவிட்டு வரலாம். ஈறும் எலும்பும் நலமாக இருப்பவருக்கு, இடைவெளியை அப்படியே விட்டுவிடுவதும் மருத்துவர் எடுத்துச்சொல்ல வேண்டிய வழிகளுள் ஒன்று.