தூரம் சொல்லும் பைனாகுலர்: எதைப் பார்த்து வாங்குவது?

வணக்கம் நேயர்களே. இன்றைக்குப் பைனாகுலரைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். அதிலும் ஒரு குறிப்பிட்ட வகை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பொத்தானை அமுக்கினால், எதிரில் இருக்கும் மரமோ மாடோ எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று உள்ளேயே சிவப்பு எழுத்தில் காட்டுமே, அந்த வகை. சேர்வராயன் மலையில் பறவை பார்க்கப் போகிறவர்கள் இப்போது என்னிடம் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். எந்த நிறுவனத்துடையதை வாங்குவது, லைகாவா, சைஸா, ஸ்வரோவ்ஸ்கியா? மூன்றுமே மூன்று லட்சம் ரூபாயை ஒட்டிய விலை. அவ்வளவு பணம் போடுகிறவர் விளம்பரத்தை மட்டும் படித்துவிட்டு வாங்கக் கூடாது என்பது என் அக்கறை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கருவி வேட்டைக்காரர்களுக்காகப் பிறந்தது. லைகா நிறுவனம் 1992-ல் ஜியோவிட் என்ற பெயரில் முதலில் கொண்டுவந்தபோதும் சரி, இப்போது வரும் மாடல்களிலும் சரி, அதன் மூளை முழுக்க வேட்டைக் கணக்குதான். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை, இருக்கவும் கூடாது. அப்புறம் நமக்கு எதற்கு இது? கணக்கெடுப்புக்கு. காட்டில் ஒரு நேர்கோட்டுப் பாதையில் நடந்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு பறவையும் விலங்கும் எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் இருந்தது என்று குறித்துக்கொண்டே போவார்கள். அந்தத் தூரங்களை வைத்துத்தான் ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை இருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். தூரம் தப்பினால் கணக்கு மொத்தமும் தப்பு.

கண்ணால் தூரம் சொல்வது மலையில் ரொம்பக் கடினம். தரையில் ஐம்பது மீட்டரைச் சரியாகச் சொல்கிறவர்கூட மலையில் தடுமாறுவார். நடுவில் இருக்கும் பள்ளம் கண்ணுக்கு மறைந்திருந்தால், எதிர்ச்சரிவு பக்கத்திலேயே இருப்பது போலத் தோன்றும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துப் பாதையில் ஒருமுறை காட்டுமாடு ஒன்று நின்றது. எங்களில் ஒருவர் நூறு மீட்டர் இருக்கும் என்கிறார், இன்னொருவர் நாற்பதுதான், வாங்க திரும்பிப் போயிடலாம் என்கிறார். கருவி 62 என்று காட்டியது. திரும்பித்தான் வந்தோம், அது வேறு விஷயம். ஆனால் ஒரே இடத்தில் நின்று, ஒரே மாட்டைப் பார்த்து, இருவர் சொன்ன தூரத்தில் இவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

சரி, எப்படி அளக்கிறது? கிணற்றில் குரல் கொடுத்தால் எதிரொலி வருகிறதே, அதே கணக்கு, ஒலிக்குப் பதில் ஒளி. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் துடிப்பு ஒன்று போய், பட்டுத் திரும்புகிறது, போய்வந்த நேரத்தைக் கருவி எண்ணுகிறது. 150 மீட்டர் போய்த் திரும்ப ஒளிக்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் துல்லியம் வேண்டுமென்றால் அதிலும் நூற்றைம்பதில் ஒரு பங்கைப் பிரித்து எண்ண வேண்டும். நம் உள்ளங்கைக்குள் இது நடக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

இந்த இடத்தில்தான் விளம்பரத்தில் போடும் பெரிய எண் வருகிறது. இரண்டாயிரம் மீட்டர் அளக்கும், மூவாயிரம் மீட்டர் அளக்கும் என்று. பொய் இல்லை. ஆனால் அது வெளிச்சம் மங்கலாக இருக்கும் நேரத்தில், வெள்ளைச் சுவர் போல ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும் பெரிய பொருளுக்கு. மானின் தோலும் மரத்தின் இலையும் அவ்வளவு ஒளியைத் திருப்புவதில்லை. உச்சி வெயிலில் சூரியனின் சொந்த அகச்சிவப்பு ஒளியே குறுக்கே வந்து குழப்பும். பெட்டியில் போட்ட தூரத்தில் பாதி கிடைத்தாலே நல்ல கருவி. அப்புறம் மூடுபனி. ஏற்காட்டுக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஐப்பசி கார்த்திகையில் பகோடா பாயின்ட்டில் நின்றால் எதிரில் நிற்கும் ஆள் தெரியமாட்டார். அந்தப் பனியில் பொத்தானை அமுக்கினால் சில நேரம் எண்ணே வராது, சில நேரம் முன்னால் இருக்கும் பனித்திரையின் தூரத்தைக் காட்டிவிடும். கருவி மேல் குற்றமில்லை, நீர்த்துளியில் பட்டு ஒளி திரும்பிவிடுகிறது.

அதனால் நான் திரும்பத் திரும்பச் சொல்வது: முதலில் பார்வை, அப்புறம்தான் எண். எவ்வளவு தூரம் அளக்கும் என்று கேட்காதீர்கள், எவ்வளவு தெளிவாகக் காட்டும் என்று கேளுங்கள். தெரியாத பறவையின் தூரத்தை அளந்து என்ன செய்வது?

இது எனக்கு நன்றாக உறைத்தது ஜெர்மனியில். என் மைத்துனர் அங்கே வேலையில் இருக்கிறார். அந்த நாட்டில் வேட்டை உரிமம் வாங்க ஒரு கடுமையான தேர்வு எழுத வேண்டும், விலங்கியல், சட்டம், துப்பாக்கி எல்லாம் அதில் உண்டு. அந்தத் தேர்வு எழுதி உரிமம் வாங்கிய நண்பர் ஒருவர் அவருக்கு இருக்கிறார். அந்த நண்பரும் இதே மூன்று மாடல்களில் எதை வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். தனக்குத் தெரிந்த மற்ற வேட்டைக்காரர்களிடம் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் ஒரு மாலை காட்டோரத்துக்குக் கொண்டுவந்தார். மரத்தால் கட்டிய உயரமான பரண், நம் ஊர் தினைப்புனத்துப் பரண் மாதிரியேதான். அதில் நெருக்கி உட்கார்ந்தோம். "மாமா, இருட்டுற வரைக்கும் பேசாம இருங்க, அப்பத்தான் எது நல்லதுன்னு தெரியும்" என்றார் மைத்துனர்.

பகல் வெளிச்சம் இருந்தவரை ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எல்லாமே அழகு, எல்லாமே கூர்மை. கடையில் மதியம் போய்ப் பார்த்தால் இதைத்தான் காண்பீர்கள், எதை வாங்கினாலும் ஒன்றுதான் என்று நினைப்பீர்கள். சூரியன் இறங்கிய பிறகு காட்டோரத்தில் சிறிய மான் ஒன்று வந்து மேய ஆரம்பித்தது. அதற்குக் கொம்பு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும், அங்கே வேட்டைக்காரருக்கு அதுதான் முக்கியம், ஆணா பெண்ணா என்று உறுதியாகத் தெரியாமல் சுடுவது அங்கே சட்டப்படி குற்றமாகிவிடலாம். பத்து மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள பைனாகுலரில் மான் பெரிதாகத் தெரிந்தது, ஆனால் கொம்பா காதா என்பது சீக்கிரமே இருட்டில் கரைந்துவிட்டது. எட்டு மடங்கு, அதே 42 லென்ஸ், அதில் மான் கொஞ்சம் சிறியது, ஆனால் காது தனியாகத் தெரிந்தது. சைஸ் விக்டரியில் 54 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள ஒன்று உண்டு, அதில் கடைசி வரைக்கும் தெரிந்துகொண்டே இருந்தது. அதன் கனத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் கிளியூர் அருவிக்கு இறங்கி ஏற மாட்டேன், பரணில் உட்காருகிறவருக்கு அது சரி.

இதற்குக் காரணம் ஒரே ஒரு வகுத்தல். லென்ஸின் அகலத்தை, பெரிதாக்கும் மடங்கால் வகுங்கள். 42-ஐ எட்டால் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர். பத்தால் வகுத்தால் 4.2. கண் பக்கமாக வெளியே வரும் ஒளிவட்டத்தின் அகலம் அது. வீட்டில் பைனாகுலர் இருந்தால் இன்றைக்கே பாருங்கள்: கண்ணில் வைக்காமல் ஒரு முழம் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான சுவரையோ வானத்தையோ நோக்கித் திருப்பினால், கண்வைக்கும் இடத்தில் சின்ன வட்டம் ஒன்று பளிச்சென்று தெரியும். சூரியனை நோக்கி மட்டும் திருப்பவே கூடாது. அந்த வட்டம் முழு வட்டமாக இருக்கிறதா, ஓரம் வெட்டுப்பட்டு இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டுப்பட்டிருந்தால் உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் பட்டகத்தில், அதாவது பிரிசத்தில், கஞ்சத்தனம் செய்திருக்கிறார்கள். இருட்டில் நம் கண்மணி விரிவது இளம் வயதில் ஏழு மில்லிமீட்டர் வரை போகும், வயது ஏற ஏறக் குறைந்து ஐந்துக்கு வந்துவிடும். அதனால் ஐம்பதைத் தாண்டியவருக்கு 54 லென்ஸ் தரும் கூடுதல் வெளிச்சத்தில் ஒரு பகுதி கண்ணுக்குள் போகாமலே வீணாகிறது. எட்டு மடங்கும் 42 லென்ஸும் போதும். கை நடுக்கமும் எட்டில் குறைவாகத் தெரியும். பத்து வாங்கினால் நிறையத் தெரியும் என்று நினைப்பவர்கள் அதிகம், சில்வர் ஓக் நிழலில் ஆறுமணிக்குருவியைத் தேடிப் பார்த்தவர்களுக்கு எட்டின் அருமை புரியும்.

இப்போது மூன்றில் எது? ஸ்வரோவ்ஸ்கியின் ஈஎல் ரேஞ்ச், பார்வைக்கு மிக இதமானது, மூக்குக்கண்ணாடி போட்டவருக்கும் வசதி. ஆனால் ஐந்து மீட்டருக்குள் இருப்பதைத் தெளிவாகக் காட்டாது. பரணில் இருப்பவருக்கு அது ஒரு குறையே இல்லை. காப்பிச் செடிக்கு நடுவே நடக்கிற நமக்கு, காலடியில் வந்து உட்காரும் பட்டாம்பூச்சியும், புதருக்குள் குதிக்கும் குருவியும் முக்கியம். சைஸ் விக்டரி ஆர்எஃப் 42, இரண்டரை மீட்டர் வரை கிட்டத்தில் காட்டும். லைகா ஜியோவிட்டின் உள்ளே பட்டகம் வேறு விதம், உருவமே கொஞ்சம் வளைந்து கைக்கு வாகாக இருக்கும், படம் வரையாமல் அதை விளக்க முடியாது, விட்டுவிடுகிறேன். அளக்கும் வேகத்தில் எனக்கு அது பிடிக்கும். எல்லாம் சேர்த்து, சேர்வராயன் மலைக்கு என் கை போவது எட்டு மடங்கு சைஸுக்குத்தான். இவற்றில் துப்பாக்கிக் குண்டு எவ்வளவு தாழ்ந்து விழும் என்று கணக்கிடும் வசதியும் இருக்கிறது, நமக்கு வேண்டாம். அதோடு வரும் சரிவுக் கணக்கு மட்டும் வேண்டும். 30 பாகை சரிவில் 200 மீட்டர் என்று காட்டினால் கிடைமட்டத் தூரம் 173 மீட்டர்தான், கணக்கெடுப்பில் இந்த இரண்டாவது எண்ணைத்தான் எழுத வேண்டும்.

மூன்று லட்சத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயம். நல்ல எட்டு மடங்கு சாதாரண பைனாகுலர் ஒன்றும், தனியாகச் சிறிய லேசர் தூரமானி ஒன்றும் வாங்கினால், இதில் கால் பங்கு விலைகூட ஆகாது. மூக்கனேரிக் கரையில் நின்று நாரைகளை எண்ணுகிற மாணவர்களுக்கு நான் அதைத்தான் சொல்கிறேன்.

நேரம் முடியப் போகிறது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வாங்கும்போது கம்பத்துச் சோதனை செய்யுங்கள்: பின்னால் வெறும் வானம் மட்டும் இருக்கும் ஒரு விளக்குக் கம்பத்தைக் குறிவைத்து, இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தி அளந்துகொண்டே வாருங்கள். சிவப்புக் குறி கம்பத்தின் மேல் இருக்கும்போதுதான் எண் வர வேண்டும், பக்கத்தில் இருக்கும்போது வந்தால் லேசர் கோணல், அந்தக் கருவியை வாங்காதீர்கள். மின்கலம் சிஆர்2 என்ற வகை, மலையில் எல்லாக் கடையிலும் கிடைக்காது, ஒன்று கூடுதலாகப் பையில் இருக்கட்டும். கழுத்து வாரை எடுத்துவிட்டு இரண்டு தோளிலும் மாட்டும் வாரைப் போடுங்கள், தொள்ளாயிரம் கிராமுக்கு மேல் கனம். பூஞ்சையைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும், இப்போதைக்கு இவ்வளவு: மழைக்காலத்தில் தோல் உறைக்குள் பூட்டி வைக்காதீர்கள், மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், அந்த ஜெல் நிறம் மாறினால் சூடுபடுத்திக் காயவைத்து... சரி, நிறுத்தச் சொல்கிறார்கள். நன்றி, வணக்கம்.